பொட்டு வைக்காத நாச்சியார்

ஆறிப்போன கோதுமை ரொட்டியில் வெண்ணெய் ஊறி, அதை மடித்துக் கொடுத்த வாழைச் சருகின் வாசமும் கூடச் சேர்ந்துகொண்டால் எழும் அந்த மணத்தை நான் என் ஏழாம் வகுப்பு மார்கழியில்தான் முதன்முதலில் அறிந்தேன். ஸ்ரீரங்கத்தில் கோவிலைச் சுற்றிய வீதி ஒன்றில், ஒரு பழைய வீட்டின் முன்பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கு அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பாள். வீட்டுக்காரி ரங்கநாயகி மாமி பின்பகுதியில் இருந்தாள். அவளுடைய தம்பி கோவிலில் கைங்கரியம் செய்பவர் என்பதால், காலையில் பெருமாளுக்குப் படைத்த ரொட்டியில் ஒரு துண்டு எப்போதாவது எனக்கும் வரும்.

அதை டவுனில் இருந்த என் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், பக்கத்தில் உட்காரும் ஷமீமாவிடம் நீட்டியபோது அவள் நோன்பு வைத்திருந்தாள். அந்த வருஷம் மார்கழியும் ரமலானும் கை கோத்துக்கொண்டு வந்திருந்தன. "நோன்பு தொறந்துட்டுத் திங்கிறேன்" என்று சருகோடு பைக்குள் வைத்துக்கொண்டவள், சற்று நேரம் கழித்துக் கேட்டாள்: "உங்க சாமி ஏன்டி ரொட்டி திங்குது? பொங்கல் இல்லையா?"

மாமி சொல்லியிருந்ததை நான் அப்படியே ஒப்பித்தேன். தில்லியிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் பெருமாளின் திருமேனியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே சுல்தானின் மகள் அதை வைத்து விளையாடி, விளையாட்டிலேயே காதலாகிப் போனாள். இங்கிருந்து போனவர்கள் பெருமாளை மீட்டு வந்தபோது, பிரிவு தாங்காமல் பின்னாலேயே ஓடி வந்து இந்த ஊரில் அவரோடு கலந்துவிட்டாள். அவளுக்குப் பெயர் துலுக்க நாச்சியார். அவளுக்காகத்தான் ரொட்டி. அவர்கள் மார்க்கத்தில் உருவச் சிலை கிடையாது என்பதால் அவளுக்குச் சிலை வைக்காமல், சுவரில் ஓவியமாக மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஷமீமா வாயைத் திறந்தபடி கேட்டாள். எங்கள் வகுப்பில் அவளைப் போல வரைகிறவர்கள் யாரும் இல்லை. ஓவியம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அடுத்த சனிக்கிழமையே டவுன் பஸ் ஏறி வந்துவிட்டாள். வெளிக் கோபுரங்களைக் கடந்து கடைகளையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தவள், உள்வாசலில் இருந்த பலகையின் முன்னால் நின்றாள். அதற்கு மேல் இந்துக்கள் மட்டுமே போகலாம். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"அவங்க உள்ளதான இருக்காங்க?"

"ஆமா."

"நான் மட்டும் போகக்கூடாதா?"

அவள் அழவில்லை. என் தோளைப் பிடித்து உள்பக்கமாகத் தள்ளினாள். "நீ போய்ப் பாத்துட்டு வா. ஒண்ணு விடாம சொல்லணும்."

அன்றிலிருந்து உள்ளே போக முடிந்த, ஆனால் ஒரு கோடு ஒழுங்காக இழுக்கத் தெரியாத நான் பார்ப்பதும், வரையத் தெரிந்த அவள் வகுப்பில் என்னைக் குடைவதுமாக நாட்கள் போயின. மூக்கு எப்படி, கை எந்தப் பக்கம், கண் பார்ப்பது நம்மையா பெருமாளையா என்று அவள் கேட்க, கூட்டத்தில் தள்ளப்பட்டு அரைகுறையாகப் பார்த்ததை நான் உளற, கடைசியில் அவள் பொறுமையிழந்து தன் சின்னம்மாவின் முகத்தையே வரைந்துவிட்டாள். முக்காடு, அகலமான நெற்றி, சிரிப்புக்கும் கோபத்துக்கும் நடுவில் ஒரு வாய். ஓடி வந்த களைப்பு முகத்தில் தெரியவேண்டும் என்று முக்காட்டை ஒரு பக்கம் சரிய விட்டிருந்தாள். நான் பார்த்த படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு இதுதான் பிடித்திருந்தது. அந்த நாட்களில் பள்ளி விட்டதும் அவள் ஒரு சின்ன தூக்குவாளி நிறைய, பக்கத்துத் தர்காவின் நோன்புக்கஞ்சி வாங்கிவந்து கொடுப்பாள். அம்மா அதைச் சூடு பண்ணி, ஊறுகாய் தொட்டுக்கொண்டு, "இதுல என்னமோ போடுறாங்க, என்னன்னு கேட்டுட்டு வா" என்று தினமும் சொல்லிக்கொண்டே குடிப்பாள்.

பள்ளி ஆண்டுவிழாவுக்காகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துச் சுவரில் ஒவ்வொரு வகுப்பும் ஊர்க்கதை ஒன்றை வரையவேண்டும் என்று டிராயிங் மிஸ் சொன்னார். ஆறாம் வகுப்பு உச்சிப் பிள்ளையாரை எடுத்துக்கொண்டது. எட்டாம் வகுப்பு, தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்த தாயுமானவரை எடுத்துக்கொண்டது. எங்கள் சுவரில் நாச்சியார் ஆளுயரத்துக்கு எழுந்தாள். இரண்டு நாள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் யாரோ ஒரு பெற்றோர் புகார் சொல்ல, தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அழகா வரைஞ்சிருக்கீங்கம்மா. ஒரு பொட்டு மட்டும் வச்சிருங்க, முக்காட்ட எடுத்துட்டு ஒரு கொண்டை போட்ருங்க. பாக்கறவங்க ஏதோ ஒரு நாச்சியார்னு நெனச்சுக்குவாங்க. பிரச்சினை முடிஞ்சுது."

"மாட்டேன் மிஸ்" என்றாள் ஷமீமா.

"ஏன்?"

"பொட்டு வச்சா அது வேற ஆளு மிஸ்."

அவர் என்னைப் பார்த்தார். நான் நல்ல மார்க் வாங்கும், எதற்கும் தலையாட்டும் பெண். காது இரண்டும் சுட்டன. "நானும் மாட்டேன் மிஸ்" என்றேன்.

மறுநாள் காலை நாங்கள் போனபோது சுவர் வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. பிள்ளையார் ஒரு பக்கம், தாயுமானவர் ஒரு பக்கம், நடுவில் ஈரம். ஷமீமா அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நான் சொல்லச் சொல்ல, அம்மா மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டாள். "சுவருதான அவங்களது? வாசல் என்னுது. மார்கழில என் வாசல்ல நான் என்ன கோலம் போட்டா எவன் கேப்பான்? நாளைக்கு வரச் சொல்லு அந்தப் புள்ளைய." அப்பா மெதுவாக, "மாமி வீட்டக் காலி பண்ணச் சொன்னா?" என்று கேட்டார். "சொன்னா பாத்துக்கலாம்" என்றாள் அம்மா. சொன்னாளே தவிர, அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

விடியுமுன் ஷமீமாவை அவளுடைய அத்தா டிவிஎஸ் ஃபிஃப்டியில் கொண்டுவந்து இறக்கினார். அவர் ஓரமாக நின்று, "உருவம் வரையலாமான்னு எங்க தெருவுலயும் கேப்பாங்கம்மா. நான் பதில் சொல்லிக்கிறேன், நீங்க போடுங்க" என்று அம்மாவிடம் சொன்னார். சாணி தெளித்த தரையில் ஷமீமா கோடு இழுக்க, அம்மாவும் நானும் கலர்ப்பொடி நிரப்பினோம். பச்சை முக்காடு; மஞ்சள் முகம்; தெருவின் பாதி அகலத்துக்கு நாச்சியார் படுத்திருந்தாள், காலடியில் கோலமாவில் எழுதிய பெயரோடு.

கோவிலுக்குப் போகிற கூட்டம் வரத் தொடங்கியது. துண்டைப் போர்த்திக்கொண்டு வந்த ஒருவர் நின்றார். "என்னம்மா இது? நாச்சியார்னு எழுதியிருக்கு, நெத்தியில பொட்டு இல்ல?"

"அவங்க நெத்தி, அவங்க இஷ்டம். சுத்திப் போங்க" என்றாள் அம்மா.

அவர் குரலை உயர்த்தினார். அழிக்கச் சொன்னார். நாலு பேர் கூடினார்கள். அப்போது பின்பகுதிக் கதவு திறந்து மாமி ஈரப் புடவையோடு வெளியே வந்தாள். அம்மாவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. மாமி தரையையே பார்த்தாள். அப்புறம் ஷமீமாவிடம், "நீயா எழுதினே? தில்லிலேர்ந்து ஓடி வந்தவளாட்டமே இருக்காடி" என்று சொல்லிவிட்டு, அந்த மனிதர் பக்கம் திரும்பினாள்.

"இவளுக்காகப் பெருமாள் தெனமும் ரொட்டி அமுது செய்யறார். அவருக்கே இல்லாத ஆட்சேபணை உமக்கு எங்கேர்ந்து வந்தது? பாவம் குழந்தைகள். கோலத்தை மிதிக்காம அந்தண்டை போங்கோ."

அவர் போனார், முணுமுணுத்துக்கொண்டே. அவருக்குப் பின்னால் வந்தவர்களும் பச்சை முக்காட்டின் ஓரமாக ஒதுங்கி, செருப்பைக்கூடத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூட நேரம் வரைக்கும் ஷமீமா யூனிஃபார்மோடு அங்கேயே நின்றாள், ஏதோ கட்டடத்துக்குக் காவல் நிற்பவள் மாதிரி. சாயங்காலம் காற்று பாதியைக் கொண்டுபோயிருந்தது. அதற்காக நாங்கள் யாரும் வருத்தப்படவில்லை.

இப்போது அந்த வீடு இல்லை. மாமியின் காலத்துக்குப் பிறகு இடித்து யாத்ரீகர்களுக்கான லாட்ஜ் கட்டிவிட்டார்கள். வாசல் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. நோன்பும் மார்கழியும் பிரிந்து, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு எங்கெங்கோ போய்விட்டன. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கும் அம்மாவுக்குக் கோலம் போட ஒரு முழ இடம்தான். அதிலும் எதிர்வீட்டு சைக்கிள் நிற்கிறது. ஷமீமா திருச்சியிலேயே ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில், ஊரைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்களை மலைக்கோட்டை அடிவாரத்தில் தொடங்கி, தர்கா வழியாக ஸ்ரீரங்கம் வரைக்கும், வழியெல்லாம் சாப்பிட்டுக்கொண்டும் கதை பேசிக்கொண்டும் படங்களைப் பார்த்துக்கொண்டும் அழைத்துப் போகிறேன்.

போன மாதம் வந்த குழுவில் ஒருவர், நான் நாச்சியார் கதையைத் தொடங்கியதும் என்னைத் தனியே அழைத்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "இந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்குங்க? காலம் சரியில்ல. சாப்பாட்டோட நிறுத்திக்கலாமே."

"சாப்பாடு யாருக்காக வந்துச்சுன்னு சொல்லாம எப்படிங்க பரிமாறுறது?" என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மற்றவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடிந்ததும், எல்லோருக்கும் கேட்கும்படி, முதல் வரியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன்.