துரையை அடைத்த மாம்பலகை

இன்று பேத்தமங்கலம் ஏரியில் எங்கள் சுரங்கத் துரையை அவருடைய பாய்மரப் படகுக்குள்ளேயே அடைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை.

படகிலுள்ள சிற்றறையின் வாசலை மூடப் பலகை கேட்டிருந்தார். வாசலின் இருபுறமும் வெட்டிய காடிப் பள்ளத்தில் மேலிருந்து இறக்கி, வேண்டாதபோது உருவிக்கொள்கிற பலகை. லேசாக இருக்கட்டுமென்று மாமரத்தில் செய்தேன். தங்கச் சுரங்கத்தில் முட்டு மரம் நிறுத்துகிற கை அல்லவா, இம்மியும் ஆடாமல் இறுக்கமாகவே பொருத்தினேன்.

மழை பிடித்தது. துரை உள்ளே போய்ப் பலகையை இறக்கிக்கொண்டார். மழை விட்டதும் இழுத்துப் பார்த்தார். ஊறி உப்பிய பலகை அசையவில்லை.

"இன்னா மேஸ்திரி, சொரங்க லெவல்ல முட்டு குடுக்கிறாப்ல இறுக்கிட்டீங்க?" என்று என்னோடு வேலை செய்யும் சின்னப்பன் கடப்பாரையை எடுத்தான்.

பலகை பிளந்தது. என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். வெளியே வந்த துரை வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"தேக்குல செய், மேஸ்திரி. ஓரத்துல இடம் விடு. எண்ணெய் போடு."

நாளைக்கே ஊரிகம் மரக்கடையில் தேக்கு பார்க்கிறேன். எண்ணெய் ஆளிவிதையா, புன்னையா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். அடுத்த மழைக்கு உள்ளே உட்காரப்போவது நான்தான் என்று துரை உத்தரவு போட்டிருக்கிறார்.