எழுத்து விழாத திரை

அண்ணன் பாயான் பாரு என்ற பகுதியில் வீடு வாங்கியதும் முதல் வேலையாக ஓர் அறையின் ஜன்னலை அடைத்து, நாலு சுவருக்கும் கறுப்புச் சாயம் அடித்தான். "யார உள்ள வச்சு அடைக்கப் போறீங்க?" என்று அண்ணி கேட்டாராம். "அம்மாவ" என்றானாம் அண்ணன்.

பொய் இல்லை. அது படம் பார்க்கும் அறை. அம்மாவைப் பிடிக்க வைத்த பொறி.

அப்பா போன பிறகு ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் அம்மாவும் நானும்தான். ஏழாவது மாடி. லிப்ட் நல்ல நாளில் ஓடும். அண்ணன் வாரா வாரம் வந்து, "என்கூட வந்து இருங்கம்மா" என்பான். அம்மா வாரா வாரம் ஒரு காரணம் வைத்திருப்பாள். கருவேப்பிலைச் செடிக்கு யார் தண்ணி ஊத்துறது என்பாள். அந்தச் செடிக்கு அவள் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததே இல்லை. மழைதான் ஊற்றும்.

அம்மாவை அசைக்கக்கூடியது ஒன்றுதான் உண்டு. படம். அதுவும் பெரிசாக.

நான் டவுனில் டிவியும் ஸ்பீக்கரும் விற்கும் ஒரு கடையில் வேலை செய்கிறேன். சுவரில் ஓட்டை போட்டு மாட்டிவிடுவது என் வேலை. படிப்பு, பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தோடு முடிந்தது. முடிந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. மலாய்ப் பாடம் என்னை முடித்துவிட்டது. அண்ணனோ தொழிற்சாலையில் பொறியாளன். ஆனால் ப்ரொஜெக்டர் விஷயத்தில் அவன் என்னிடம்தான் வந்தான். எங்கள் முதலாளி இருப்பதிலேயே ஒசத்தியான ஒன்றைக் கொடுத்து, "ஒரு வாரம் வச்சுப் பாருங்க. புடிச்சா வாங்கிக்குங்க" என்றார். விலைக்கு ஒரு சின்ன காடி, அதாவது கார், வாங்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

"நீ செக் பண்ணிச் சொல்லுடா. ஞாயித்துக்கெழம அம்மா வருவாங்க. புடிச்சிருச்சுன்னா இங்கயே இருந்துருவேன்னு வாக்குக் குடுத்திருக்காங்க" என்றான் அண்ணன்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகும்போது, பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. என் வீட்டிலிருந்து அம்மாவைக் கிளப்பிக்கொண்டு போகும் வேலைக்கு நானே ஸ்க்ரூ முடுக்கப் போகிறேன்.

சனிக்கிழமை காலையில் மாட்டி முடித்தேன். முதலில் பார்க்க வேண்டியது கறுப்பு. ப்ரொஜெக்டருக்கு வெளிச்சம் காட்டுவது பெரிய வித்தை இல்லை, அது விளக்கு. இருட்டைக் காட்டச் சொன்னால்தான் அதன் லட்சணம் தெரியும். மட்டமான மெஷினில் இருட்டுக் காட்சியெல்லாம் சாம்பலைக் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். அறை விளக்குகளை அணைத்து, வெறும் கறுப்பை ஓடவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"டேய், எங்கடா நிக்கிற?"

"ஸ்கிரீன் பக்கத்துலதாண்ணே."

"தெரியலயே. பல்லக் காட்டு."

காட்டினேன்.

"ஆ, தெரியுது. நல்ல மெஷின்தான் லா!"

அதன் பிறகு ஒரு கல்யாண வீட்டுக் காட்சி. கறுப்புப் பட்டுப் புடவையில் மடிப்பு மடிப்பாகத் தனித்தனியே தெரிந்தது. நகைக் கல்லில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது, ஆனால் பக்கத்தில் இருந்த முகம் வெளுக்கவில்லை. நான்கு மூலையிலும் ஒரே கூர்மை. மெஷினுக்குள் ஓடும் காற்றாடிச் சத்தம் பக்கத்து வீட்டுக்காரர் மூச்சு விடுகிற அளவுக்குத்தான். அசைவை வழுவழுப்பாக்கும் ஒரு வசதி இருந்தது. அதைப் போட்டால் சினிமா, டிவி நாடகம் மாதிரி ஆகிவிடும். ஹீரோ சண்டை போடுகிறாரா, கேமரா முன்னால் ஒத்திகை பார்க்கிறாரா என்று சந்தேகம் வரும். அதை அணைத்தேன். குறை சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒன்றும் அகப்படவில்லை.

அண்ணனுக்குப் பெருமை வேறோர் இடத்தில். அகலப் படங்களை டிவியில் பார்த்தால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழும், பார்த்திருப்பீர்கள். அண்ணனுக்கு அது ஆகாது. அதனால் திரையையே படத்தின் அளவுக்கு அகலமாகச் செய்திருந்தான். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் லென்ஸ் தானாக நகர்ந்து படத்தைப் பெரிதாக்கும். படம் திரையை ஓரத்துக்கு ஓரம் நிறைக்கும். அந்தக் கறுப்புப் பட்டைகள் திரைக்கு வெளியே, சுற்றி ஒட்டியிருந்த கறுப்பு வெல்வெட்டில் விழுந்து காணாமல் போய்விடும்.

"பாத்தியா! கோடு போச்சு!" என்று கை தட்டினான்.

நானும் தலையாட்டினேன். அந்தப் பட்டைக்குள் எங்கள் வீட்டில் என்ன இருந்தது என்று இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.

எங்கள் ஃப்ளாட்டில் அப்போது இருபத்தோரு இஞ்ச் டிவி. கூடத்தை ஒட்டியே அடுப்படி. ஞாயிற்றுக்கிழமை படம் போடும் நேரத்தில்தான் அம்மா மீன் பொரிப்பாள். எண்ணெய்ச் சத்தம் ஒரு பக்கம், கீழே மோட்டார் பட்டறைச் சத்தம் ஒரு பக்கம். வசனம் ஒன்றும் காதில் விழாது. அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்து, "இப்ப என்னடா சொன்னான் அவன்?" என்பாள். எனக்கு ஆறு வயது, வாயில் அப்பளம். பதில் சொல்வது அண்ணன். அவன் தமிழில் சொல்ல மாட்டான். பள்ளியில் மலாயில் முதல் மாணவன் அல்லவா? எங்கள் ஊரில் தமிழ்ப் படத்துக்கும் அடியில், அந்தக் கறுப்புப் பட்டையில், மலாய் மொழிபெயர்ப்பு எழுத்து ஓடும்; அதை உரக்கப் படித்துக் காட்டுவான். தமிழ்ப் படம், தமிழ் அம்மா, நடுவில் மலாய்.

இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. மூன்றாம் வகுப்போடு நின்ற அம்மா, மெல்ல மெல்ல அந்த எழுத்துகளைத் தானே படிக்கத் தொடங்கினாள். நான் பதினொரு வருஷம் பள்ளிக்கூடம் போய்த் தேறாத மலாயை, அவள் மீன் பொரித்துக்கொண்டே தேறினாள். ஒரே சிக்கல், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சினிமா மலாய். ஒருமுறை ஃப்ளாட்டில் குழாய் பழுது பார்க்க இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். அம்மா அலுவலகத்துக்கே போய், முகப்பில் இருந்த பையனிடம் கை கூப்பி, "சாயா மெராயு, ஜாஙான் பிசாஹ்கான் காமி" என்றாள். மன்றாடுகிறேன், எங்களைப் பிரித்துவிடாதீர்கள். தண்ணீரையும் அவளையும். அந்தப் பையன் நாற்காலியிலிருந்து விழாத குறை. எங்கள் வீட்டுக்கு மட்டும் முதல் நாளே இரண்டு டிரம் தண்ணீர் வந்து இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பிஸ்கட் டின் நிறையப் பழைய விசிடிகளோடு அம்மா வந்து சேர்ந்தாள். சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அண்ணன் விளக்கை அணைத்தான். படம் விழுந்தது.

"ஆத்தாடி" என்றாள் அம்மா. அண்ணன் இருட்டிலேயே என் தொடையைக் கிள்ளினான்.

பத்து நிமிஷம் போனது. அம்மா நெளிய ஆரம்பித்தாள்.

"என்னம்மா?"

"ஒன்னும் புரியல."

"தமிழ்ப் படம்மா!"

"தமிழ்தான்டா. எழுத்து எங்க?"

அண்ணன் சத்தத்தைக் கூட்டினான். பாட்டில் அறைக் கதவு அதிர்ந்தது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. எழுத்து இல்லாம எனக்குப் படம் பாத்த மாதிரியே இல்ல. நீ நல்லாத்தான்யா செஞ்சிருக்க. ஆனா நான் சின்னவன்கூடவே போயிடுறேன்" என்றாள்.

எழுத்து எங்கே என்று எனக்கு அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. திரைக்குக் கீழே, கறுப்பு வெல்வெட்டில், மங்கலாக எறும்பு வரிசை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கோடு போனபோது எழுத்தும் கூடவே போய்விட்டது. ரிமோட் என் மடியில்தான் இருந்தது. ஒரு பொத்தான் அழுத்தினால் போதும். நான் அழுத்தவில்லை. சாயங்காலம் அம்மா என் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வருவாள், வழியில் பசார் பக்கம் நிறுத்தி மீன் வாங்குவோம் என்று மனசு கணக்குப் போட்டது. எவ்வளவு நல்ல பிள்ளை நான், பாருங்கள்.

அண்ணன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனான். குனிந்தான். அப்படியே தரையில் குந்தி உட்கார்ந்து, வெல்வெட்டில் மூக்கு இடிக்க, உரக்கப் படிக்க ஆரம்பித்தான். மலாயில். ஹீரோயின் அழுதுகொண்டே சொன்னதை, அதே பழைய பள்ளிக்கூட ராகத்தில். தொழிற்சாலையில் முப்பது பேர் அவனை "சார்" என்கிறார்கள். இங்கே ஹீரோவின் முழங்கால் அவன் மொட்டைத் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

அம்மா சிரித்தாள். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "தப்பா படிக்கிற. மெதுவா படி" என்றாள்.

நான் பொத்தானை அழுத்தினேன்.

லென்ஸ் முனகியது. படம் சுருங்கியது. மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை திரும்பி வந்தது. வெல்வெட்டில் கிடந்த எழுத்துகள் வரிசையாக மேலே ஏறித் திரைக்குள் வந்து உட்கார்ந்தன.

அண்ணன் குந்தியபடியே திரும்பினான். "டேய். இவ்வளவு நேரம் ஒனக்குத் தெரியுமா?"

"இப்பதாண்ணே கண்டுபுடிச்சேன்."

"புளுகுறான்" என்றாள் அம்மா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பட்டன் எங்க இருக்குன்னு சின்னவனுக்கு எப்பவும் தெரியும்."

அந்த லென்ஸ் அளவை மெஷினில் பதிந்து வைத்தேன். பெயர் கேட்டது. 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். முதலாளியிடம் அன்றைக்கே போன் போட்டு, மெஷின் நல்லா இருக்கு, வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொன்னேன். நான் மட்டும் கிளம்பும்போது வாசலில் அம்மா என் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். கை கூப்பினாள்.

"சாயா மெராயு, ஜாஙான் பிசாஹ்கான் காமி."

"யார யாரும்மா பிரிக்கிறா?" என்று அண்ணன் சிரித்தான். ஆனால் அவனுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அவன் மலாயில் முதல் மாணவன்.

கருவேப்பிலைச் செடிக்கு இப்போது நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் அண்ணனிடமிருந்து போன் வரும். பெரிய பெரிய மெஷினையெல்லாம் ஓட்டுகிறவனுக்கு, ரிமோட்டில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இன்னும் பிடிபடவில்லையாம்.

"எழுத்து காணோம்டா. வா, வந்து பாரு. அம்மா மீன் பொரிக்கிறாங்க."