அலெப்போ ராஜாவும் எங்கள் பெரிய கிராணியும்

1. ஸ்டோரில் இல்லாத சாமான்

பிரிக்பீல்ட்ஸில் லோரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் சின்னக் கிராணியாக, அதாவது இளநிலைக் குமாஸ்தாவாக, இருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போய், தோட்டங்களில் ஆட்களைக் கழித்து ஊருக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லோரி வாங்க ஆளில்லை. பட்டறையிலும் ஆள்குறைப்பு வரும் என்று பேச்சு. நானோ தற்காலிக ஆள். என்னை நிரந்தரமாக்குவதும் கப்பலுக்கு அனுப்புவதும் பெரிய கிராணி கணபதிப்பிள்ளை எழுதப்போகும் சிபாரிசில் இருந்தது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதெல்லாம் கூத்தாக இருக்கும், நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நின்றது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் பட்டறையை நடத்திய வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டு, "நீ ஹிட்டைட் தெரியுமா?" என்றார். துரை ஒரு காலத்தில் தோட்டத்தில் இருந்தவர். அவருடைய தமிழ் கூலிக்காரர்களின் லயத்துக் காம்பராவில் கற்றது, எல்லாருக்கும் 'நீ'தான்.

ஏதோ புது மாடல் லோரிச் சாமான் என்று நினைத்து, "ஸ்டோர்ல இல்லைங்க துரை" என்றேன்.

பெரிய உலகச் சண்டையில் துரை துருக்கியரிடம் கைதியாகி, அவர்கள் தேசத்தில் கல் உடைத்தவராம். அங்கே ஒரு பழைய கோட்டை வாசலில் கல் சிங்கங்களைப் பார்த்து, இதைக் கட்டியவர்கள் யார் என்று கேட்கத் தொடங்கியவர் இன்னும் நிறுத்தவில்லை. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தி அந்தத் தேசத்தை ஆண்டவர்கள் ஹிட்டைட்டுகள். ரதப்படையில் பெரிய கெட்டிக்காரர்கள். ஆஸ்பத்திரி நிதிக்காகத் திடலில் நடக்கப்போகும் வேடிக்கைக் காட்சியில், எங்கள் பட்டறை ஆட்கள் ஹிட்டைட்டுகளாக வேண்டும். கிள்ளானில் ரப்பர் கிடங்கு வைத்திருந்த இன்னொரு துரையின் ஆட்கள் எகிப்துப் படை. கதேஷ் என்ற ஊரில் இரண்டு படையும் மோதிய சண்டையைத்தான் நடித்துக் காட்டப் போகிறோம்.

துரை மேஜைமேல் மைக்கூட்டை வைத்தார். அது கதேஷ். அதன் பின்னால் ஹிட்டைட் ராஜா ஒளிந்துகொண்டான். ரப்பர் முத்திரைகள்தான் எகிப்துப் படை. ஹிட்டைட் ராஜா இரண்டு ஒற்றர்களை அனுப்பி, எகிப்தியரிடம் வேண்டுமென்றே பிடிபடச் செய்தான். 'எங்கள் ராஜா பயந்துபோய் எங்கோ தூரத்தில் இருக்கிறார்' என்று அவர்கள் புளுக, எகிப்து ராஜா அதை அப்படியே நம்பிவிட்டான். ரதங்கள் ஆற்றைத் தாண்டிப் பாய்ந்தன. எகிப்துப் படை சிதறியது. பாளையத்துக்குள் புகுந்த ஹிட்டைட்டுகள் சண்டையை விட்டுவிட்டுச் சாமான்களை அள்ளத் தொடங்கினார்கள். அதற்குள் எகிப்தியர் சுதாரித்துக்கொண்டு திருப்பி அடிக்க, ரதங்களோடு எல்லாரும் ஆற்றில் விழுந்தார்கள்.

"இதோ பார்," என்று ஒரு புத்தகத்தைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். எகிப்துக் கோயில் சுவரில் செதுக்கியதாம். ஹிட்டைட் பக்கம் நின்று சண்டை போட்ட அலெப்போ ராஜா ஆற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டான். அவனுடைய ஆட்கள் அவனைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரைக் கக்க வைக்கிறார்கள்.

துரை கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஜனம் இதைப் பார்க்கத்தான் காசு கொடுக்கும். நீ நல்ல கனமான ஆள் பிடி."

2. ராஜாவுக்கு ஒத்திகை கிடையாது

ஹிட்டைட் ராஜா வேஷம் துரைக்கே. அவன் ஆற்றைத் தாண்டவே இல்லை, கரையில் நின்று பார்த்தால் போதும் என்பதால் துரைக்கு அது பொருத்தம்.

மறுநாள் காலை பெரிய கிராணி என் மேஜைக்கே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கனத்த உடம்பு, வெள்ளைக் கோட்டு, தங்கச் சங்கிலிக் கடிகாரம். அவர் நடந்து வந்தால் டைப்ரைட்டர்கூடக் குரலைத் தாழ்த்தும்.

"என்ன காணும், அலெப்போ ராசா எண்டு ஒருத்தர் இருக்கிறாராம். அந்த இடம் இன்னும் காலியோ?"

"காலிதாங்க ஐயா. ஆனா அந்த ராஜாவுக்கு கடைசியில..."

"கடைசி முதல் எல்லாம் எனக்கு வேண்டாம். ராசா எண்டால் ராசாதான். என்ர மகளைப் பொம்பிளை கேட்டிருக்கிற பகுதியார் கிள்ளானிலை இருந்து காட்சி பாக்க வருகினம். சும்மா கதிரையிலை குந்திக்கொண்டிருக்கிறதிலும் பாக்க ரதத்திலை வந்தால் நல்லதுதானே?"

துரையிடம் ஓடினேன். "கணபதிப்பிள்ளையா? வெரி குட். நல்ல கனம். தலைகீழ் விஷயம் நீ சொல்லு" என்றார்.

சொல்லத்தான் போனேன். ஒரு நாள் மத்தியானம் தயங்கித் தயங்கி, "ஐயா, ஆத்துல ஒரு சீன் இருக்கு" என்று ஆரம்பித்தேன். "ஓம், வெற்றியோடை ஆத்தைக் கடக்கிறது. எனக்குத் தெரியும். துரையோடை நான் வரலாறு கதைக்கிறனான்" என்று முடித்துவிட்டார். இன்னொரு நாள் துரையின் அந்தப் படப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு போனேன். பட்டறைச் சாமான் விலைப் பட்டியல் என்று நினைத்து, "பேந்து பாப்பம்" என்று தள்ளி வைத்தார். என் சிபாரிசைக் கையில் வைத்திருப்பவரிடம் 'உங்களைக் காலைப் பிடித்துத் தொங்கவிடப் போகிறோம்' என்று மூன்றாம் தடவை போய்ச் சொல்ல எவனுக்குத் தைரியம் வரும்?

ரதம் கட்டியவர் எங்கள் தச்சர் சின்னையா ஆசாரி. ஒவ்வொரு ரதத்திலும் மூன்று பேர், ஓட்டுபவன், கேடயக்காரன், ஈட்டிக்காரன். மூன்று பேரைத் தாங்குவதற்காக ஹிட்டைட்டுகள் அச்சை நடுவில் வைத்தார்கள் என்று துரை விளக்கினார்.

ஆசாரி பீடியை அணைத்தார். "நம்ம மாட்டு வண்டிக்கும் அச்சு நடுவுலதான் துரை. ஆனா பின்பாரம் ஏறுச்சுன்னா முன்னால தூக்கிரும். ஏறுறவங்க பின்னால சாயக்கூடாது, அவ்வளவுதான்."

மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தலைக்கவசம் செய்தோம். தேங்காய் நாரில் நீண்ட கூந்தல். நுனி மேலே வளைந்த பாதரட்சை. அதற்கப்புறம் துரை எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, ஹிட்டைட் சிப்பாய்கள் செய்த சத்தியத்தைச் செய்யச் சொன்னார். முன்னால் ஒரு சேலையும் கண்ணாடியும் வைத்து, ராஜாவுக்குத் துரோகம் செய்கிறவன் ஆண்மை போய்ப் பெண்ணாகக் கடவது என்பார்களாம்.

வெல்டர் மாரிமுத்து கையைத் தூக்கினான். "என் வீட்டுக்காரி மாதிரி ஆனேன்னா இந்தப் பட்டறையே எனக்குப் பயப்படும் துரை. இது சாபமா, வரமா?"

துரை சேலையை மடித்து உள்ளே எடுத்துப் போனார்.

பெரிய கிராணி எந்த ஒத்திகைக்கும் வரவில்லை. "ராசாவுக்கு என்னத்துக்கு ஒத்திகை?" என்றார். அதனால் அவருக்குப் பதிலாக ஓர் அரிசி மூட்டையை ரதத்தில் ஏற்றினோம். அவருடைய ரதத்தை ஓட்டுபவன் மாரிமுத்து, கேடயக்காரர் ஆசாரி. இரண்டு பேரும் மூட்டையைத் தூக்கித் தலைகீழாக்கி உலுக்கிப் பழகினார்கள். நன்றாகவே பழகினார்கள்.

3. சண்டை

காட்சியன்று மத்தியானம் மழை கொட்டியது. ஆறு என்று வெட்டி முழங்கால் அளவு தண்ணீர் விட்டிருந்த பள்ளம் இடுப்பளவு நிரம்பிவிட்டது. சாயந்தரம் வெயில் வந்ததும் திடல் முழுக்கக் கூட்டம். முன் வரிசையில் பெரிய கிராணியின் சம்பந்தியாகப் போகிறவர்கள்.

பெரிய கிராணி சிவப்பு வெல்வெட் அங்கியில் வந்தார். சொந்தச் செலவில் தைத்தது. உள்ளே ஆபீஸ் காற்சட்டை. ராஜாவாக இருந்தாலும் வெறுங்காலைக் காட்டமாட்டாராம்.

ஒற்றர்கள் நன்றாகப் புளுகினார்கள். ரதங்கள் கிளம்பின. குதிரை வண்டிக்காரர்களிடம் இரவல் வாங்கிய மட்டக்குதிரைகள், இப்படி ஒரு ஆரவாரத்தைக் கேட்டதில்லை, பிய்த்துக்கொண்டு ஓடின. எகிப்துப் பாளையத்துக்குள் புகுந்ததும் எங்கள் ஆட்கள் துரை சொன்னபடியே கொள்ளையடித்தார்கள். பாளையத்தில் கிள்ளான்காரர்கள் காட்சி முடிந்து சாப்பிட வைத்திருந்த கறிபாப் பலகாரம் இருந்தது, நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களும் இருந்தன. எங்கள் ஆட்கள் நின்ற இடத்திலேயே பிரித்துச் சாப்பிடத் தொடங்கினார்கள்.

"டேய், அது எங்க சோறுடா" என்று எகிப்துத் தளபதி கத்தினார். அதற்குப் பிறகு நடந்தது நடிப்பு இல்லை. கிள்ளான் படை உண்மையாகவே அடித்தது. ரதங்கள் பள்ளத்துக்குத் திரும்பி ஓடி வந்தன.

பள்ளத்தின் கரையில், முன் வரிசைக்கு நேராக வந்தபோது பெரிய கிராணி சம்பந்தி வீட்டாரைப் பார்த்துவிட்டார். நெஞ்சை நிமிர்த்தி, ஈட்டியை உயர்த்தி, நன்றாகப் பின்னால் சாய்ந்தார். குதிரைகளைப் பூட்டியிருந்த ஏர்க்கால் மேலே தூக்கியது. கட்டு அறுந்து குதிரைகள் ஒரு பக்கம் போக, ரதம் குடைசாய்ந்து மூன்று பேரும் தண்ணீரில்.

மாரிமுத்துவும் ஆசாரியும் எழுந்துவிட்டார்கள். பெரிய கிராணி எழவில்லை. தண்ணீரில் ஊறிய வெல்வெட் அவரை அமுக்கிவிட்டது. என் வேலையைப் பற்றிய நினைப்பே அந்த நேரத்தில் இல்லை, மனுஷன் பிழைத்தால் போதும் என்று பள்ளத்துக்குள் குதித்தேன்.

"மூட்டை மாதிரி பிடிங்க அண்ணே" என்று கத்தினேன்.

அவர்களுக்கு அது போதும். ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கி உலுக்கினார்கள். அங்கி சரிந்து முகத்தை மூடியது. உள்ளேயிருந்து சேற்றுத் தண்ணீர் வந்தது. பிறகு இருமல் வந்தது. திடல் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது.

கரையில் உட்கார வைத்ததும் பெரிய கிராணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உம்மட புத்தியாலைதான் நான் தப்பினன்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு முடிந்திருக்கலாம்.

துரை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே சம்பந்தி வீட்டார். துரை எல்லாருக்கும் தெரியப் படத்தைப் பிரித்து, "கணபதிப்பிள்ளை, அப்படியே படம் போல. காலும் அதே போல" என்று அவர் தோளைத் தட்டினார்.

பெரிய கிராணி படத்தைப் பார்த்தார். மாரிமுத்துவைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். மூட்டை என்று நான் கத்தியதன் அர்த்தமும் அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். என் வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பந்தியாகப் போகிறவர் குனிந்து கேட்டார். "இதெல்லாம் நடிப்போ? நாங்கள் பயந்தே போனம்."

பெரிய கிராணி ஈர அங்கியை இழுத்துச் சரிசெய்தார். "பின்னை என்ன? மூண்டு மாசமா ஒத்திகை பாத்தனாங்கள். மூச்சை அடக்கிறதுதான் கொஞ்சம் கஷ்டம்." என் பக்கம் திரும்பினார். "இல்லையோ தம்பி?"

"ஆமாங்க ஐயா" என்றேன்.

எகிப்து ராஜாவும் ஊருக்குத் திரும்பியதும் தான்தான் ஜெயித்தேன் என்று கோயில் சுவர் முழுக்கச் செதுக்கி வைத்தானாம். கதேஷ் என்னவோ ஹிட்டைட்டுகள் கையிலேயே இருந்ததாம். துரை பிறகு ஒரு நாள் சொன்னார்.

அடுத்த வாரம் என் வேலை நிரந்தரமானது. சிபாரிசில் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. என்னைக் கழித்திருந்தால் ஏன் கழித்தார் என்று யாராவது கேட்டிருப்பார்கள், நான் நடந்ததைச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான் விஷயம். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். மேலதிகாரி தண்ணீரில் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குங்கள். தூக்கியபிறகு, அவர் குதித்தேன் என்று சொன்னால், குதித்தார் என்று நீங்களும் சொல்லுங்கள்.

பெரிய கிராணி பென்ஷன் வாங்கிப் போகும்வரை என்னைப் பக்கத்து மேஜையிலேயே வைத்துக்கொண்டார். வேறு ஆபீசுக்கு நான் மாற்றல் கேட்ட இரண்டு தடவையும் விடவில்லை.

"நீர் எங்கையும் போகக்கூடாது காணும்" என்பார். "என்ர கண்ணுக்கு முன்னாலையே இரும்."