சொட்டிக்கொண்டிருந்த குழாய்

மகளின் பயிற்சிக்கூடத்தில் புதுக் கூடைப்பந்தின் ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும், மத்திகிரியில் இப்போது கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில் இருந்த எங்கள் செம்மண் மைதானமும், நாங்கள் நாக்கு வறள ஓடும்போதெல்லாம் அதன் ஓரத்தில் சொட்டிக்கொண்டேயிருந்த குழாயும் ஞாபகம் வந்தன.

“தண்ணி குடிச்சா வயித்துல குலுங்கும்மா, ஓட வராது” என்பார் எங்கள் கோச். அப்போது எல்லா மைதானத்திலும் அதுதான் வழக்கம். எங்களில் குறி தப்பாமல் பந்து போடுகிற ஷமீம், ஒரு நாள் வெயிலில் அந்தக் குழாயைப் பார்த்தபடியே மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு அவள் அத்தா அவளை அனுப்பவேயில்லை.

“தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிச்சிடுங்க பாப்பா” என்று சொல்லி விசிலடிக்கிறார் மகளின் கோச். என் மகள் கொஞ்சம் குடித்துவிட்டு, மீதியை முகத்தில் ஊற்றிக்கொண்டு சிரிக்கிறாள்.

அன்று ஷமீமுக்கு அதில் ஒரு வாய் போதுமாயிருந்திருக்கும்.