குதிரை இல்லாத டபேதார்

சிவப்புப் பட்டையைத் தோளில் குறுக்காக மாட்டி, பித்தளை வில்லையைச் சட்டைக் கையால் இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, "சைலன்ஸ்!" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் நீதிமன்றத்து மின்விசிறிகூட யோசித்துத்தான் சுற்றும். அதற்குப் பிறகே நீதிபதி உள்ளே வருவார். இதுவரை பதினொரு நீதிபதிகளுக்கு முன்னால் நடந்துவிட்டார் இந்த டபேதார்.

வக்கீல்கள் வைத்த பட்டப்பேர் 'குதிரை'. வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டது. "தஃபான்னா உருதுல ஒரு அணிங்க. அத வச்சிருக்கிறவன் தஃபாதார். குதிரைப்படையில பத்துப் பதினஞ்சு பேருக்குத் தலைவன். நம்ம வாயில பூந்து டபேதார் ஆயிட்டான்" என்று ஆள் கிடைத்தால் ஆரம்பித்துவிடுவார். வழக்குக் கட்டுத் தூக்குகிறவருக்கு நினைப்பைப் பார் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! நீதிபதி அறை அலமாரியைத் தூசு தட்டுகிற நேரத்தில், பழைய அகராதியில் தன் வேலையின் பெயரைத் தேடிப் பார்த்தவர் அந்தக் கட்டடத்தில் வேறு யார்?

போன மாதம் ஒரு விபத்து வழக்கு. நீதிபதி "டபேதார்!" என்று அழைத்ததும், இவர் அசைவதற்குள் சாட்சிகள் பெஞ்சிலிருந்து ஒரு நரைமீசைக்காரர் விறைப்பாக எழுந்து "சார்!" என்று முழங்கினார். குதிரைப்படை என்று பேருள்ள ரெஜிமெண்டில் டபேதாராக இருந்து ஓய்வுபெற்றவராம். இடைவேளையில் இவர் ஓடிப்போய்க் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உங்க குதிரை என்ன நிறங்க?"

"குதிரையா? அதெல்லாம் எங்கப்பா காலத்துலயே போச்சு. நான் ஓட்டினது டாங்கி."

கண்ணில் நீர் வரச் சிரித்தார் இவர். "விடுங்க, பேராவது மிஞ்சிச்சே!"

அந்தப் பேருக்கும் இந்த வாரம் ஓலை வந்துவிட்டது. இனி அவர் 'அலுவலக உதவியாளர்'. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் ஓய்வூதியக் காகிதம் நகராது. ஓய்வுக்கு ஏழு மாதம்தான் இருக்கிறது. தலைமை எழுத்தர் அம்மா தயங்கித் தயங்கித்தான் தாளை நீட்டினார்.

"சம்பளம் அதேதாண்ணே. வெறும் பேர்தானே மாறுது?"

"குதிரையப் புடுங்கினாங்க, சும்மா இருந்தோம். வாளப் புடுங்கிட்டுக் கதவு தொறக்கச் சொன்னாங்க, தொறந்தோம். மிச்சம் இருக்கிறது அந்த வெறும் பேருதாம்மா."

அந்த அம்மா பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

இவர் கையெழுத்துப் போட்டார். கீழே 'பதவி' என்று ஒரு கோடு. அதில் இடம் போதாத அளவுக்குப் பெரிய எழுத்தில் 'டபேதார்' என்று எழுதி, மை காயும்வரை ஊதிக்கொண்டு நின்றார்.