தேநீருக்குக் காத்திருந்த குரல்

மண் எது வானம் எது என்று பிரிக்க முடியாத வெள்ளைக் காலையில், தெஜித்மாவின் கூடாரத்துக்குள் தொலைபேசி பேசும். "உங்க மந்தை நல்லா இருக்கா? இருந்தா ஒண்ணை அழுத்துங்க, இல்லைன்னா ரெண்டை." தலைநகர் உலான்பாத்தரிலிருந்து வரும் இயந்திரக் குரல். இரண்டை அழுத்துகிறவர்கள் பக்கம் புல்லுக்கட்டு லாரி போகும்.

அவள் தினமும் ஒன்றைத்தான் அழுத்தினாள். அடுத்த கூடாரத்தில் நானும் அப்படியே. நலமா என்று கேட்டால் எங்கள் மங்கோலியப் புல்வெளியில் நலம் என்றுதான் சொல்வோம். மற்ற கதையெல்லாம் தேநீர் உள்ளே இறங்கிய பிறகு. எடுத்த எடுப்பில் தன் மந்தைக்குக் கேடு என்று வாய் திறப்பவன் ஒரு மனிதனா?

வெளியே பனிக்கட்டிக்கு அடியில் புல் கிடந்தது. ஆடுகள் நின்ற நிலையிலேயே உறைந்தன. கணவனை இழந்த தெஜித்மாவுக்கு அந்த மந்தைதான் எல்லாம். அது போனால் நகரத்து ஓரத்தில் யார் வீட்டையாவது கூட்டிப் பெருக்க வேண்டியதுதான். ஆடுகள் ஒவ்வொன்றாகக் கூரையின் புகைத்துளை வழியே மிதந்து மேலே போவதாக அவளுக்குக் கனவு வந்தது. விழித்ததும் பட்டிக்குப் போகப் பயந்தாள்.

அந்தத் தொலைபேசி ஏற்பாட்டைச் செய்த உயாங்கா ஒருநாள் ஜீப்பில் வந்தாள். கணினியில் எல்லோரும் நலம், வழியெல்லாம் செத்த ஆடுகள். குழம்பிப்போய், மந்தை நலமா என்று வாசலிலேயே கேட்டாள். தெஜித்மா நலம் என்றாள். இரண்டாம் கிண்ணம் உப்புத் தேநீரில்தான், பாதி மந்தை போனதைச் சொல்லி அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இதை ஏன்க்கா போன்ல சொல்லல?"

"உன் போன் எங்க டீ குடிக்க விட்டுச்சு? வந்ததும் கழுத்தப் புடிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. உயாங்காவுக்கு வரவில்லை.

அவள் திரும்பிப் போய் அதை மாற்றினாள். இப்போது குரல் நலம் கேட்டது, பனியைப் பற்றிக் கேட்டது, பிறகு சும்மா இருந்தது. தெஜித்மா ஒரு கிண்ணம் ஊற்றித் தொலைபேசியின் முன்னால் வைத்தாள். ஆவி மெல்ல எழுந்து புகைத்துளையில் கலந்தது. வேறென்ன சேதி, சொல்லுங்கள் என்றது குரல்.

"பாதி போயிடுச்சு தாயி. மிச்சத்துக்குப் புல்லு அனுப்பு."

லாரி வந்தது. செத்த ஆடுகள் மேல் ஏறாமல் வண்டியை வளைத்து ஓட்டிவந்த டிரைவர், இறங்கியதும் மந்தை நலமா என்று கேட்டான்.

"நல்லா இருக்குப்பா. உள்ள வா, டீ குடி."

அவன் தலையாட்டிவிட்டு, முதலில் கட்டுகளை இறக்கத் தொடங்கினான்.