மதகு திறப்பதற்கு முதல் நாள்

"நாளைக்கு மதகு தொறக்கறோம். நீ இன்னா சார், வெள்ளிக்கிழமைன்னு போட்டுக்கீற?"

எழுபதுகளின் நடுவில், பாகூரில் நான் ஆசிரியராக இருந்த வாரப் பத்திரிகையின் அலுவலகத்துக்கு ஒரு திங்கட்கிழமை காலை வந்து இப்படிக் கேட்டவர் கோவிந்தன். ஏரி மதகைத் திறக்கிறவர். இதழை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை என்றுதான் இருந்தது.

மதகு அறிவிப்புக்கு ஆண்டுதோறும் ஒரே வாசகம். அச்சுக்குக் கோத்த ஈய எழுத்தைப் பிரிக்காமல் சணலால் கட்டி வைத்திருப்போம். கிழமையை மட்டும் மாற்றி மெஷினில் ஏற்றுவோம். அந்த ஆண்டு அதை மாற்றவில்லை; போன ஆண்டின் வெள்ளிக்கிழமை அப்படியே வந்துவிட்டது.

"பாய், நீங்களாவது பார்க்கக்கூடாதா?" என்று கம்பாசிட்டர் காதர் பாய் மேல் பாய்ந்தேன். அவர் ஆணியிலிருந்து புரூஃபை உருவி நீட்டினார். 'சரிபார்த்தேன்' என்று என் கையெழுத்து. தடுமாற்றமே இல்லாத கையெழுத்து.

முதல் மூன்று நாள் தண்ணீர் கடைமடைக்கு. அதற்குள் வாய்க்காலைத் தூர் வாரி வைக்காவிட்டால் அடுத்த முறைக்குப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். நாற்றங்கால் கருகிவிடும். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைமடை ஊரான சேலியமேட்டுக்குப் பறந்தேன். பாதி வழியில்தான் தெரிந்தது, காலில் கிடந்தது காதர் பாயின் செருப்பு.

முதலில் அகப்பட்டவர் முருகேசன் என்ற விவசாயி.

"நாளைக்கே தண்ணி வருதுங்க. பேப்பர்ல தப்பா வந்துடுச்சு."

"யாருப்பா சொன்னது? வெள்ளிக்கிழமைன்னு கொட்டை எழுத்துல போட்டுக்கீறான்."

"போட்டதே நான்தாங்க."

"இருந்துட்டுப் போ. அச்சுல வந்தத நீ வாயால மாத்துவியா?"

எட்டு வீடு ஏறினேன். எட்டிலும் என்னைவிட என் பத்திரிகைக்கு மரியாதை அதிகம். ஒரு அம்மாள் மோர் கொடுத்து, வெயிலில் அலையாதே தம்பி என்றார்.

திரும்பி வந்து, திருத்தத்தைத் துண்டு நோட்டீசாக நானே கோத்தேன். காதர் பாய் டிரெடில் அச்சு மெஷினை மிதித்தார். மை காய்வதற்குள் மறுபடி சேலியமேடு. முருகேசன் அதை எழுத்துக்கூட்டிப் படித்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்தார்.

"இத மொதல்லயே கொண்டாந்துருக்கலாம் இல்ல?"

பொழுது சாயும்வரை ஊரே வாரியது. நானும் வாரினேன், ஓரமாகப் போய் உட்காரச் சொன்னார்கள். செவ்வாய் மதியம் தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது: நாம் தப்பாகப் போட்டாலும் நம்புகிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து மூன்று முறை படிக்கிறேன். கண் மங்கிவிட்டது, அலுத்தும் விட்டது. நம்புவதை அவர்கள் நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை.